என் சட்டமன்றத் தொகுதி யாருடைய கோட்டை? அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்ச் சங்க விழாக்களில் வாக்காளர் பதிவு மேசையில் உட்கார்ந்தால் அதிபர் தேர்தலைப் பற்றி யாரும் சந்தேகம் கேட்பதில்லை. வாக்குச் சீட்டில் இன்னும் கீழே வருகிற பெயர்கள்தான் குழப்புகின்றன: ஸ்டேட் செனட், ஸ்டேட் ஹவுஸ், அசெம்ப்ளி. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே கொடுத்திருக்கிறேன். எண்கள் 2025 நவம்பர் தேர்தல் வரைக்குமானவை.

ஸ்டேட் செனட்டர்னா வாஷிங்டன்ல உக்கார்றவர் இல்லையா?

இல்லை. வாஷிங்டனில் இருப்பது நாட்டின் காங்கிரஸ். அதைத் தவிர 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டமன்றம் உண்டு. 49 மாநிலங்களில் மேலவை, கீழவை என இரண்டு அவைகள் (மேலவைதான் செனட்; கீழவைக்குப் பெரும்பாலும் ஹவுஸ் அல்லது அசெம்ப்ளி என்று பெயர்). நெப்ராஸ்காவில் மட்டும் ஒரே அவை, 1937-லிருந்து. ஆக மொத்தம் 99 அவைகள், சுமார் 7,400 உறுப்பினர்கள். பள்ளி நிதி, சொத்து வரி விதிகள், கருக்கலைப்பு, துப்பாக்கி, ஓட்டுநர் உரிமம், வாடகைச் சட்டம் என்று அன்றாடம் நம்மைத் தொடுகிற பலவும் இங்கேதான் முடிவாகின்றன.

ஊரில் எம்.எல்.ஏ. யாரென்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். இங்கே பத்து வருடம் குடியிருந்தும் தன் ஸ்டேட் ரெப்ரசென்டேட்டிவ் பெயர் தெரியாதவர்கள்தான் அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிறந்து வளர்ந்த அமெரிக்கர்களிலும் பலருக்குத் தெரியாது.

ஒரு தொகுதில எத்தனை பேர் இருப்பாங்க?

மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 பேர். ஓர் உறுப்பினருக்குச் சுமார் 3,400 மக்கள்தான், சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். கலிஃபோர்னியா செனட்டில் 40 பேர்தான், ஒவ்வொருவரும் ஏறத்தாழ 10 லட்சம் பேருக்குப் பிரதிநிதி. நாட்டின் காங்கிரஸ் தொகுதியே அதைவிடச் சிறியது.

நியூ ஜெர்சியில் 40 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு செனட்டரும் இரண்டு அசெம்ப்ளி உறுப்பினர்களும். தேர்தல் நடப்பது ஒற்றைப்படை ஆண்டுகளில். வர்ஜீனியாவும் அப்படித்தான். அதிபர் தேர்தலோடு சேர்ந்து வராததால் மறந்துபோகிறவர்கள் நிறைய.

நான் இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்துக்கிட்டிருக்கேன். எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஓட்டு கிடையாது, ஆனால் தலைக்கணக்கில் நீங்கள் உண்டு. 1964-இல் ரெனால்ட்ஸ் வழக்கில், ஒரு மாநிலத்தின் சட்டமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் அலபாமா செனட்டில், பர்மிங்காம் நகரம் இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டியின் ஆறு லட்சம் பேருக்கு ஒரு செனட்டர், லௌண்டஸ் கவுண்டியின் 15,000 சொச்சம் பேருக்கும் ஒரு செனட்டர் என்று இருந்தது.

சமம் என்றால் வாக்காளர் எண்ணிக்கையிலா, குடியிருப்போர் எண்ணிக்கையிலா? டெக்சாஸிலிருந்து வந்த வழக்கில், மொத்த மக்கள்தொகையை வைத்து வரையலாம் என்று 2016-இல் தீர்ப்பானது. எச்-1பி விசாவில் இருப்பவரும், ஓட்டுரிமை இல்லாத குழந்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தைக் குப்பையில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

"கன்ட்ரோல் யார் கையில"ன்னு செய்தியில சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

ஓர் அவையில் பாதிக்கு மேல் இடம் பிடித்த கட்சிக்கு சபாநாயகர் பதவி, குழுத் தலைவர் பதவிகள், எந்த மசோதா விவாதத்துக்கு வரும் என்று முடிவு செய்யும் உரிமை எல்லாம் கிடைத்துவிடும். பல மாநிலங்களில் 49 சதவீத இடம் வைத்திருக்கும் கட்சியின் மசோதா குழுவைத் தாண்டி வெளியே வருவதே பெரிய விஷயம்.

இரண்டு அவைகளும் கவர்னர் பதவியும் ஒரே கட்சியிடம் இருந்தால் அதை டிரைஃபெக்டா என்கிறார்கள். (இங்கே கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதலமைச்சர் மாதிரி. ராஜ்பவன் கவர்னரை மனதில் வைத்துக்கொண்டால் எதுவும் புரியாது.) 2024 தேர்தலுக்குப் பின் குடியரசுக் கட்சிக்கு 23 மாநிலங்களிலும் ஜனநாயகக் கட்சிக்கு 15 மாநிலங்களிலும் டிரைஃபெக்டா இருந்தது. 2025 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் தேர்தலில் ஸ்பான்பெர்கர் ஜெயித்ததால் ஜனநாயகக் கட்சிக்கு இன்னொன்று சேர்ந்தது.

கவர்னர் ஒரு கட்சி, சட்டமன்றம் இன்னொரு கட்சின்னா எதுவும் நடக்காதா?

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் நிராகரிப்பதுதான் வீட்டோ. அதை முறியடிக்க எத்தனை ஓட்டு வேண்டும் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு. வட கரோலினாவில் ஐந்தில் மூன்று. கென்டக்கியில் அவையின் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அதனால் ஜனநாயகக் கட்சிக் கவர்னர் பெஷியர் வீட்டோ செய்வதும், குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் அதைத் தள்ளிவிட்டுப் போவதும் அங்கே வாடிக்கை. வீட்டோவை முறியடிக்கும் அளவு பலத்துக்கு சூப்பர்மெஜாரிட்டி என்று பெயர். பல மாநிலங்களில் உண்மையான போட்டியே பெரும்பான்மைக்கு இல்லை, இந்த சூப்பர்மெஜாரிட்டியை ஓர் இடத்தில் தடுப்பதா விடுவதா என்பதற்குத்தான்.

என் தொகுதி போட்டித் தொகுதியா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் தொகுதி எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத் தளத்தில் முகவரி கொடுத்தால் வரும். பிறகு இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, கடந்த சில சட்டமன்றத் தேர்தல்களின் வாக்கு வித்தியாசம். பொதுவாக 5 சதவீதத்துக்குள் இருந்தால் இழுபறி, 10-க்குள் இருந்தால் போட்டித் தொகுதி என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது, அதே எல்லைக்குள் அதிபர், கவர்னர் தேர்தல்களில் மக்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பது. இந்த இரண்டாவது கணக்கைத்தான் நான் அதிகம் நம்புவேன். உள்ளூர் வேட்பாளரின் சொந்தச் செல்வாக்கு, எதிராளி பலவீனமாக இருந்தது போன்றவை முதல் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: 2020 கணக்கெடுப்புக்குப் பின் எல்லைகள் மாறியிருக்கும். 2018 முடிவை இன்றைய தொகுதி எண்ணோடு ஒப்பிட்டால் வேறு ஏதோ ஊரைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

போன தடவை பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. அப்ப கோட்டைதானே?

நியூ ஜெர்சியின் 3-ஆம் தொகுதியைக் கேளுங்கள். ஸ்டீவ் ஸ்வீனி 2010-லிருந்து மாநில செனட்டின் தலைவர், கவர்னருக்கு அடுத்தபடி அதிகாரம் அவர் கையில்தான் என்று பேசப்பட்டவர். 2021-இல் எட்வர்ட் டர் என்ற லாரி ஓட்டுநர், பெயருக்குத்தான் செலவு செய்து, அவரைத் தோற்கடித்தார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அதிபர் தேர்தல் கணக்கைப் பார்த்திருந்தால் அந்தத் தொகுதி ஏற்கெனவே குடியரசுக் கட்சிப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது தெரிந்திருக்கும். ஸ்வீனியின் பெயர்தான் அதை மறைத்து வைத்திருந்தது. 2023-இல் டரும் தோற்றார்.

அதே மாநிலத்தின் 16-ஆம் தொகுதியில் நம்மவர்கள் ஏராளம், சவுத் பிரன்ஸ்விக் பக்கம். அங்கே 2015-இல் ஆண்ட்ரூ ஸ்விக்கர் என்ற இயற்பியல் விஞ்ஞானி 78 வாக்கு வித்தியாசத்தில் அசெம்ப்ளிக்குப் போனார். இன்று அவர் செனட்டர், அந்தத் தொகுதியின் மூன்று இடங்களும் ஜனநாயகக் கட்சியிடம். பத்தே வருடத்தில் குடியிருப்போர் மாறினார்கள், அவர்களின் கட்சி விருப்பமும் மாறியது, எல்லைகளும் மாறின. இழுபறித் தொகுதி கோட்டையாகிவிட்டது.

வாக்குச் சீட்டுல ஒரே ஒரு பேர்தான் இருக்கு. இதுவும் ஒரு தேர்தலா?

அன்னபோஸ்ட்தான். நாடு முழுக்கப் பார்த்தால் மாநிலச் சட்டமன்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இரு பெரிய கட்சிகளில் ஒன்று வேட்பாளரையே நிறுத்துவதில்லை. தோற்கப்போகும் இடத்தில் நிற்க ஆள் கிடைப்பதில்லை. சம்பளமும் பல மாநிலங்களில் குடும்பம் நடத்தப் போதாது. கட்சிகளும் காசைப் போட்டித் தொகுதிகளில்தான் கொட்டுகின்றன.

இப்படியே போனால் எங்கே நிற்கும் என்பதற்கு ஹவாய் ஓர் உதாரணம். 2016 தேர்தலுக்குப் பின் செனட்டின் 25 இடங்களும் ஜனநாயகக் கட்சியிடமே இருந்தன, எதிர்க்கட்சி வரிசையே இல்லை.

மாநிலம் பாதிக்குப் பாதி பிரிஞ்சிருக்கு. சட்டமன்றத்துல மட்டும் ஒரு கட்சிக்கு மூணுல ரெண்டு பங்கா? எப்படி?

இந்தக் கேள்விக்கு விஸ்கான்சினைவிட நல்ல பாடம் கிடையாது. 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி நாடு முழுவதும் ஏறத்தாழ 700 மாநிலச் சட்டமன்ற இடங்களைப் புதிதாகப் பிடித்தது. அடுத்த ஆண்டுதான் தொகுதி மறுவரையறை. பெரும்பாலான மாநிலங்களில் தொகுதிகளை வரைவதே சட்டமன்றம்தான் என்பதால், சரியான நேரத்தில் பேனா அவர்கள் கைக்குப் போனது. விஸ்கான்சினில் 2011-இல் வரைந்த வரைபடம் எப்படிப்பட்டது என்றால், 2018-இல் மாநிலம் முழுவதுமாக ஜனநாயகக் கட்சி அசெம்ப்ளி வேட்பாளர்களுக்குப் பாதிக்கும் மேல் ஓட்டு விழுந்தும், 99 இடங்களில் 63 குடியரசுக் கட்சிக்கே கிடைத்தன. (பல இடங்களில் எதிர் வேட்பாளரே இல்லாததால் அந்த ஓட்டுக் கணக்கு கொஞ்சம் ஊதிப்போனதுதான். ஆனால் அதே நாளில் நடந்த கவர்னர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சியின் எவர்ஸ்தான் சுமார் ஒரு சதவீதத்தில் ஜெயித்தார்.)

உத்தி இரண்டே இரண்டு. எதிர்க்கட்சி வாக்காளர்களைச் சில தொகுதிகளில் மொத்தமாக அடைத்துவிடுவது. அங்கே அவர்கள் 80 சதவீதம் வாங்கி ஜெயிக்கட்டும், 51-க்கு மேல் விழுந்ததெல்லாம் வீண்தானே. மிச்சம் இருப்பவர்களைப் பல தொகுதிகளில் சிதறடித்து, எங்கும் 45-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. இதைத்தான் ஜெர்ரிமேண்டரிங் என்கிறார்கள்.

பாதிப் பழியைப் புவியியல் மேலும் போட வேண்டும். மாடிசனிலும் மில்வாக்கியிலும் ஜனநாயகக் கட்சியினர் தாமாகவே குவிந்து வாழ்கிறார்கள். யோக்கியமாக வரைந்தாலும் அவர்கள் ஓட்டு ஓரளவு அடைபட்டுத்தான் போகும். அந்த ஓரளவைப் பெரிதாக்கியதுதான் வரைந்தவர்களின் சாமர்த்தியம். இது ஒரு கட்சியின் வியாதி என்றும் நினைக்க வேண்டாம். இல்லினாயில் வரையும் அதிகாரம் ஜனநாயகக் கட்சியிடம், அங்கே முனகுவது மற்றவர்கள்.

இதுக்கு கோர்ட்டுக்குப் போக முடியாதா?

போனார்கள். விஸ்கான்சின் வழக்கு 2018-இல் உச்ச நீதிமன்றத்தில், வழக்குப் போட்டவர்களுக்கு அதற்கான தகுதி நிரூபணமாகவில்லை என்று திரும்பியது. அடுத்த ஆண்டு ருச்சோ வழக்கில், கட்சி லாபத்துக்காக வரைவது மத்திய நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய விஷயமே இல்லை என்று 5-4 என்ற கணக்கில் முடித்துவிட்டார்கள். இன வாரியான பாகுபாடு பற்றிய வழக்குகள் வேறு ரகம்.

பிறகு ஆட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு மாறியது. விஸ்கான்சினில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 ஏப்ரலில் ஜேனட் ப்ரோட்டசீவிச் ஜெயித்ததும் நீதிமன்றத்தின் பெரும்பான்மை புரண்டது. அந்த டிசம்பரிலேயே பழைய வரைபடம் செல்லாது என்று தீர்ப்பு. காரணமாகச் சொன்னது ஜெர்ரிமேண்டரிங் அல்ல. பாதிக்கும் மேற்பட்ட தொகுதிகளில் மற்றப் பகுதியோடு ஒட்டாத துண்டு நிலங்கள் இருந்தன, தொகுதி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற அரசியல் சட்ட விதியை அது மீறுகிறது என்றார்கள். 2024-இல் புதிய வரைபடத்தில் நடந்த தேர்தலில் அசெம்ப்ளி 64-35 என்பதிலிருந்து 54-45 ஆனது, செனட் 22-11 என்பதிலிருந்து 18-15. குடியரசுக் கட்சியே இரண்டையும் தக்கவைத்தது. அந்த ஆண்டு டிரம்ப் மாநிலத்தை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், புதிய எண்கள் முன்பைவிட நியாயமாகத்தான் தெரிகின்றன.

கட்சிக்காரங்க கையில இல்லாம கமிஷன்கிட்ட கொடுத்தா எல்லாத் தொகுதியும் போட்டித் தொகுதி ஆயிடுமா?

ஆகாது. மிச்சிகனில் 2018-இல் மக்கள் வாக்களித்து 13 பேர் கொண்ட குடிமக்கள் கமிஷனை உருவாக்கினார்கள்: இரு கட்சிக்கும் நான்கு நான்கு பேர், கட்சி சாராதவர் ஐந்து பேர். அவர்கள் வரைந்த தொகுதிகளில் 2022-இல் ஜனநாயகக் கட்சி கீழவையை 56-54, செனட்டை 20-18 என்று பிடித்தது. 2024-இல் கீழவை 58-52 என்று குடியரசுக் கட்சிக்குத் திரும்பியது. அதாவது அவையின் கட்டுப்பாடு கைமாறக்கூடியதாக ஆனது. ஆனால் டெட்ராய்ட் நகரத் தொகுதிகளும் மேல் தீபகற்பத்துக் கிராமத் தொகுதிகளும் பெரும்பாலும் ஒரு கட்சிப் பக்கமேதான் இருக்கின்றன.

இங்கேதான் பலரும் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். அவை இழுபறியில் இருப்பது வேறு, தொகுதி இழுபறியில் இருப்பது வேறு. நூறு தொகுதிகளில் 48 இந்தக் கட்சிக் கோட்டை, 48 அந்தக் கட்சிக் கோட்டை, நான்குதான் போட்டி என்றாலும் அவை கத்தி முனையில் நிற்கும். எல்லாத் தொகுதிகளையும் 50-50 ஆக்க வேண்டுமென்றால் நகரத்தைப் பீட்சா மாதிரி அறுத்து ஒவ்வொரு துண்டோடும் கிராமத்தை ஒட்ட வேண்டும். அப்புறம் ஒரு சிறு அலை அடித்தாலும் ஒரு கட்சி மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அரிசோனாவின் அரசியல் சட்டம் போட்டித்தன்மையை ஓர் இலக்காகச் சொன்னாலும், மற்ற இலக்குகளைப் பெரிதாகப் பாதிக்காத வரைதான் என்று ஒரு கொக்கி போட்டிருப்பது அதனால்தான்.

ஒரே ஒரு ஓட்டு முடிவை மாத்தும்னு சொல்றதெல்லாம் சும்மா பேச்சுதானே?

மாநிலச் சட்டமன்றத்தில் அது சும்மா பேச்சு இல்லை. 2017 வர்ஜீனியா தேர்தலுக்கு முன் கீழவையில் குடியரசுக் கட்சிக்கு 66, ஜனநாயகக் கட்சிக்கு 34. எண்ணி முடித்தபோது 50-49, ஒரு தொகுதி மட்டும் பாக்கி: நியூபோர்ட் நியூஸ் நகரின் 94-ஆம் தொகுதி. மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் முன்னே வந்தார். மறுநாள் நீதிபதிகள் தள்ளுபடி செய்யப்பட்டிருந்த ஒரு வாக்குச் சீட்டைச் செல்லும் என்றார்கள். இருவருக்கும் தலா 11,608. 2018 ஜனவரி 4 அன்று ஒரு கிண்ணத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள், உத்திரமேரூர்க் குடவோலை தோற்றது போங்கள். வந்தது குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சியின் பெயர். அவை 51-49 என்று குடியரசுக் கட்சியிடமே நின்றது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பல ஆண்டுகளாக அந்தக் கட்சி தடுத்து வைத்திருந்த மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்கம் அதே 2018-இல் நிறைவேறியது, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலரே ஆதரித்து வாக்களித்தார்கள். பதவியை ஏறக்குறைய இழந்த பயம் கட்டுப்பாடு கைமாறாமலேயே சட்டத்தை மாற்றிவிட்டது. போட்டித் தொகுதிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சரி, அவையே சரிசமமா வந்துட்டா?

பேச்சுவார்த்தைதான். 2024-இல் மினசோட்டா கீழவை 67-67. அதற்குள் ஜெயித்த ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் தொகுதிக்குள் குடியிருக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்ல, 67-66 ஆகிவிட்டது. ஜனநாயகக் கட்சியினர் அவைக்கே வராமல் கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாதபடி செய்தார்கள். 2025 பிப்ரவரியில்தான் சமரசம்: சபாநாயகர் பதவி குடியரசுக் கட்சியின் லீசா டெமுத்துக்கு, இடைத்தேர்தலுக்குப் பின் சமநிலை திரும்பியதும் குழுக்களில் பங்கு.

எங்க தொகுதி பக்கா கோட்டை. நான் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது?

நவம்பரில் ஒன்றும் ஆகாமல் போகலாம். உங்கள் தேர்தல் பிரைமரியில், அதாவது நவம்பருக்கு முன் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், நடந்து முடிந்துவிடுகிறது. கோட்டைத் தொகுதிகளில் கட்சி வேட்பாளர் யார் என்பதுதான் ஒரே கேள்வி, அதை முடிவு செய்ய வருபவர்கள் கொஞ்சம் பேர்தான். வயோமிங்கில் குடியரசுக் கட்சியை யாரும் அசைக்க முடியாது. ஆனால் 2024 பிரைமரிகளில் அந்தக் கட்சிக்குள்ளேயே ஃப்ரீடம் காகஸ் என்ற பிரிவு ஜெயித்துக் கீழவையின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. கட்சி எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு எதுவுமே மாறாதது போலத் தெரிந்திருக்கும்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் கட்சிப் பதிவே இல்லை, எந்தக் கட்சியின் பிரைமரியில் வேண்டுமானாலும் போடலாம், இரண்டிலும் போட முடியாது. கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் எல்லோருக்கும் ஒரே பிரைமரி, முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி.

ஜெயிச்ச பிறகு கட்சி மாறினா பதவி போயிடாதா?

இந்தியாவில் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் மாதிரி இங்கே எதுவும் இல்லை. வட கரோலினாவில் ட்ரிஷியா காதம் 2022-இல் ஜனநாயகக் கட்சி சார்பில் அந்தக் கட்சிக் கோட்டையில் ஜெயித்தார். 2023 ஏப்ரலில் குடியரசுக் கட்சிக்குப் போனார். அந்த ஓர் இடத்தால் முன்பு சொன்ன சூப்பர்மெஜாரிட்டி அவர்களுக்குக் கிடைத்தது, அடுத்த மாதமே 12 வாரக் கருக்கலைப்புக் கட்டுப்பாட்டுக்குக் கவர்னர் போட்ட வீட்டோ முறியடிக்கப்பட்டது. ஓட்டுப் போட்டவர்கள் கையைப் பிசைந்ததுதான் மிச்சம். 2024-இல் புதிதாக வரைந்த வேறு தொகுதியில் நின்று சில நூறு ஓட்டுகளில் தப்பினார்.

காங்கிரஸ் தொகுதிகளையும் இவங்கதான் வரையறாங்களா?

பல மாநிலங்களில் ஆமாம். 2025 கோடையில் டெக்சாஸ் சட்டமன்றம் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக ஐந்து இடம் கிடைக்கும் நோக்கில் காங்கிரஸ் தொகுதிகளைத் திருத்தி வரைந்தது. 150 பேர் அவையில் கோரத்துக்கு 100 பேர் வேண்டும் என்பதால் ஜனநாயகக் கட்சியினர் ஐம்பது பேருக்கு மேல் மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள். இரண்டு வாரம் போல இழுத்தடிக்க முடிந்தது, தடுக்க முடியவில்லை. பதிலுக்கு கலிஃபோர்னியா நவம்பரில் 50-ஆம் முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றித் தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது.

நெப்ராஸ்காவுல கட்சியே கிடையாதாமே? அங்க இந்தக் கணக்கெல்லாம் எப்படி?

வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது, அவ்வளவுதான். 49 பேரில் யார் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும். அங்கே முக்கியமான எண் 33: இழுத்தடிப்பு விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விட அத்தனை பேர் வேண்டும். 2024 ஏப்ரலில் ஒமாஹாவின் மைக் மெக்டானல் ஜனநாயகக் கட்சியிலிருந்து மாறியதும் குடியரசுக் கட்சிக்குச் சரியாக 33 ஆனது.

அந்த மாநிலம் அதிபர் தேர்தலில் காங்கிரஸ் தொகுதிவாரியாகவும் தேர்வாளர் ஓட்டுகளை (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலக்டோரல் ஓட்டுகளை) பிரித்துக் கொடுக்கிறது. அதை மாற்றி ஜெயித்தவருக்கே எல்லாம் என்று ஆக்க, தேர்தலுக்குச் சில வாரம் முன்பு பெரும் நெருக்கடி கொடுத்தார்கள். காகிதத்தில் 33 பேர் தயார். மெக்டானல் முடியாது என்றார், முயற்சி அங்கேயே படுத்துவிட்டது. நவம்பரில் ஒமாஹா தொகுதியின் அந்த ஒரு தேர்வாளர் ஓட்டு கமலா ஹாரிஸுக்குப் போனது.